அரை டாங்க் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு

பனியில் ஓட்டும் பழைய ஸ்னோமொபைல் ஒன்றை வாங்கிய முதல் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே தலைவலி. டாங்க் நிறைந்திருக்கும்போது வண்டி ஒரு குறையும் சொல்லாது. பெட்ரோல் பாதிக்கு வந்ததும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். கட்டைவிரலால் த்ராட்டிலை அமுக்க அமுக்கச் சத்தம் மட்டும் ஏறும், வேகம் இறங்கும், அப்புறம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டுக் கயிற்றை இழுத்தால் கிளம்பும். நூறு மீட்டர் ஓடும். மறுபடி நிற்கும்.

முதல் சனிக்கிழமை இரண்டு பிளக்கையும் மாற்றினேன். அடுத்த வாரம் எங்கோ படித்ததை நம்பி, ஸ்பார்க்கைக் கொடுக்கும் பழைய சிடிஐ பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டேன். மூன்றாம் வாரம் கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்த சந்தோஷத்தில் டாங்க்கை வாய்வரை நிரப்பிக்கொண்டுதான் ஓட்டிப் பார்த்தேன். நிரம்பிய டாங்க்கில் வண்டி ஓடத்தானே செய்யும்? சரியாகிவிட்டது என்று மூன்று முறை நம்பினேன், மூன்று முறையும் காட்டுக்குள் இருந்து மச்சானுடைய வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது தடவை மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

கடைசியில் மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் வாழ்நாள் முழுக்க டூ ஸ்ட்ரோக் பைக் பிரித்தவர். பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "மாப்ளே, பாதி டாங்க், பாதி டாங்க்னு நீயேதான சொல்றே? அப்புறம் எதுக்குப் பிளக்கைக் கழட்டுறே? டாங்க்குக்குள்ள இருக்கிற டியூப்பை வெளிய எடுத்துப் பாரு" என்றார்.

வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு டியூப்பைப் பிடித்து இழுத்தேன். இந்த வண்டிகளில் பெட்ரோல் டியூப் டாங்க்கின் மேல்பக்கமாக நுழைந்து அடிவரை தொங்கும். நுனியில் எடையுள்ள ஒரு சின்ன ஃபில்டர். வெளியே எடுத்துப் பார்த்தால் டியூப் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் விறைப்பாக. மேலிருந்து ஒரு சாண் தள்ளி விரலால் மடக்கினேன். நகத்தால் கீறினாற்போல ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. நிமிர்த்தினால் மூடிக்கொண்டது. மடக்கினால் திறந்தது. நாலு வாரக் கதை அந்த வெடிப்பில்தான் இருந்தது.

பெட்ரோல் மட்டம் வெடிப்புக்கு மேலே இருக்கும்வரை அது பெட்ரோலையே உறிஞ்சும், யாருக்கும் தெரியாது. மட்டம் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சும். அவ்வளவுதான் விஷயம்.

இதிலிருந்து பிடித்துக்கொண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள டியூப் உறிஞ்சும் டியூப். அதில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். "எங்கேயும் ஒழுகலையே, டியூப் நல்லாத்தான் இருக்கும்" என்று நான் நினைத்தது அதனால்தான் தப்பு. ஒழுகுவதெல்லாம் பம்ப்புக்கு அப்புறம் வரும் டியூப்புகளில். சந்தேகம் இருந்தால் பம்ப்புக்கு முன்னால் ஒரு விரல் நீளத்துக்குக் கண்ணாடி போலத் தெரியும் பெட்ரோல் டியூப்பைச் செருகிவிட்டு ஓட விடுங்கள். சோடா பாட்டில் மாதிரி குமிழி குமிழியாக ஓடினால் எங்கேயோ காற்று புகுகிறது என்று அர்த்தம். பழைய வண்டி வாங்கினால் முதல் வேலையாக எல்லா டியூப்பையும் மாற்றிவிடுவது நல்லது. டாங்க்குக்குள் இருப்பதையும், பிரைமருக்கு (கையால் அமுக்கி எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குமிழ்) போகும் மெல்லிய டியூப்பையும் மறக்க வேண்டாம். நான் இரண்டையும் மறந்தேன்.

அதற்கப்புறம் வண்டி நின்றால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அது எப்படி நின்றது என்று யோசித்துப் பார்ப்பேன். பெட்ரோல் கிடைக்காமல் நிற்கும் எஞ்சின் இழுத்துக்கொண்டு கிடந்துதான் சாகும். ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, நாம் ஒன்றும் செய்யாமலேயே எஞ்சினின் சுற்று கொஞ்சம் ஏறும், அப்புறம் தொய்யும், திரும்ப எழும், பிறகு அடங்கும். சாவதற்கு முன் சுற்று ஏறுவது கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டதன் அடையாளம். கரண்ட் போனால் அப்படியில்லை, சுவிட்சை அணைத்தாற்போல டக்கென்று நிற்கும். இது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். விட்டு விட்டு வரும் ஸ்பார்க் பெட்ரோல் தட்டுப்பாடு போலவே நடிக்கும். ஆனாலும் பத்தில் ஏழெட்டுத் தடவை காது சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

காது போதவில்லை என்றால் பிரைமர். பிரைமர் குமிழ் உள்ள வண்டியில் இதைவிட லேசான சோதனை கிடையாது. எஞ்சின் சாகப்போகும் நேரத்தில் குமிழை இழுத்து இழுத்து அமுக்குங்கள். உயிர் பிடித்துக்கொண்டு ஓடினால் ஸ்பார்க் இருக்கிறது, கார்புரேட்டர் வழியாக வர வேண்டிய பெட்ரோல்தான் வரவில்லை. இப்படிக் குமிழை அமுக்கிக்கொண்டே ஒரு தடவை நான் அரை மணி நேரம் ஓட்டி வீடு வந்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். குமிழ் கொடுக்கும் பெட்ரோலுக்கு அளவு கிடையாது, நடுவில் எப்போதாவது குறைந்துவிட்டால் பிஸ்டனுக்குத்தான் கேடு. நான் தப்பித்தது அதிர்ஷ்டம்.

பிரைமர் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். பலமுறை கயிறு இழுத்தும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவைக்க ஆளில்லை. காய்ந்த பிளக்காக இருந்தால், துளைக்குள் அரை ஸ்பூன் பெட்ரோல் விட்டு, பிளக்கை மூடி, ஒரு இழு இழுங்கள். இரண்டு வினாடி சடசடவென்று ஓடி நின்றால் பிரச்சினை பெட்ரோல் பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

கையில் படாமல் பாருங்கள். −25 டிகிரியில் இருக்கும் பெட்ரோல் உறையாது, திரவமாகவே இருக்கும், ஆனால் அந்தக் குளிர் முழுவதும் அதற்குள் இருக்கும். விரலில் கொட்டினால் தோல் வெளுத்துவிடும். இன்னொன்று, இவ்வளவு குளிரில் பெட்ரோல் தீப்பிடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. ஏறக்குறைய −40 டிகிரிவரைகூட அதன் ஆவி தீப்பிடிக்கும்.

பெட்ரோல் பக்கம் என்று தெரிந்த பிறகு வரிசையாகப் போனால் போதும், டாங்க் மூடியிலிருந்து. மூடியிலோ அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய டியூப்பிலோ காற்று உள்ளே வர வழி இருக்கும். அதில் பனி அடைத்துக்கொண்டால் டாங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகும், பம்ப்பால் இழுக்க முடியாது. இருபது நிமிடம் நன்றாக ஓடி, நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகும் வண்டிக்கு நான் முதலில் மூடியைத்தான் திறப்பேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் அங்கேயே வேலை முடிந்தது.

அடுத்தது பம்ப். பெரும்பாலான பழைய வண்டிகளில் பம்ப்புக்குக் கரண்ட்டே கிடையாது. எஞ்சினின் கீழ்ப்பகுதியில், பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பு ஒரு டியூப் வழியாகப் பம்ப்புக்கு வரும். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு அந்தத் துடிப்புக்கு ஆடி ஆடிப் பெட்ரோலைத் தள்ளும். பார்க்க ஒன்றுமில்லாத சாமான். அந்தத் துடிப்பு டியூப் வெடித்தால் மெதுவாகப் போகும்போது தெரியாது, முழு வேகத்தில் பெட்ரோல் போதாமல் போகும். சவ்வில் ஓட்டை விழுந்தால் நேர்மாறு. பெட்ரோல் அதே டியூப் வழியாக எஞ்சினுக்குள் இறங்கி, ஒரு பக்கத்துப் பிளக் மட்டும் எப்போதும் நனைந்து கிடக்கும். துடிப்பு டியூப்பைக் கழற்றிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பரவாயில்லை. பெட்ரோல் சொட்டினால் சவ்வு போய்விட்டது.

இனி கார்புரேட்டர். என் வண்டியில் இருப்பது மிக்குனி விஎம் வகை, வட்ட ஸ்லைடு வைத்தது. இதில் சோக் என்று நாம் சொல்வது நிஜத்தில் சோக்கே இல்லை. காற்றை அடைக்கும் தகடு எதுவும் உள்ளே கிடையாது. லீவரைத் தூக்கினால் ஒரு சின்னப் பிளஞ்சர் எழுந்து, தனி வழியில் கூடுதல் பெட்ரோலை விடும். அந்த வழி வேலை செய்ய வேண்டுமானால் த்ராட்டில் முழுக்க மூடியிருக்க வேண்டும், அப்போதுதான் உறிஞ்சும் விசை கிடைக்கும். நான் முதல் வருடம் முழுக்கச் சோக்கைத் தூக்கிவிட்டு, 'கொஞ்சம் ரேஸ் கொடுத்தா கிளம்பும்' என்று த்ராட்டிலையும் அமுக்கிக்கொண்டே கயிறு இழுத்தேன். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். விரலை எடுத்துவிட்டு இழுத்தால் மூன்றாவது இழுப்பில் கிளம்புகிறது.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் சாகிறது என்றால் பைலட் ஜெட்டைப் பாருங்கள். ஐட்லிங்குக்கும் ஆரம்ப ரேஸுக்கும் பெட்ரோல் கொடுக்கும் பித்தளைக் குச்சி அது, நடுவில் முடி நுழையும் அளவுக்கு ஒரு துளை. கோடை முழுக்கச் சும்மா கிடந்த பெட்ரோல் வற்றி, கோந்து மாதிரிப் படிந்து, முதலில் அடைப்பது அந்தத் துளையைத்தான். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். 'ஏதோ தெரியுது' என்றால் போதாது. எனக்கு ஒரு தடவை பிறை மாதிரித் தெரிந்தது, சரி போகட்டும் என்று மாட்டினேன், மறுநாளே திரும்பக் கழற்றினேன். கிளீனர் ஸ்ப்ரே, ஊறல், காற்று, இந்த மூன்றுமே பெரும்பாலும் போதும். கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும். அப்படிக் குத்தித்தான் ஆக வேண்டுமென்றால் செம்பு வயரிலிருந்து ஒரே ஒரு இழை. ஜெட் சுத்தமான பிறகு, அது உட்காரும் துளையின் வழியாகவும் காற்று அடித்து, மறுபக்கம் வெளியே வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஜெட்டை மட்டும் கழுவிவிட்டு உள்வழியை விட்டுவிடுவதால்தான் பலருக்கும் கார்புரேட்டர் வேலை இரண்டு தடவை ஆகிறது.

கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால், அதன் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் மிதவை ஊசியைக் கழற்றி அதன் கூர்முனையை நகத்தால் தடவிப் பாருங்கள், வளையம் மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். இதைச் சும்மா விட்டால், இரவு முழுக்கப் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி, காலையில் கயிறே அசையாது. பலங்கொண்டு இழுக்க வேண்டாம். பிளக் இரண்டையும் கழற்றி, சுவிட்சை அணைத்து, பிளக் வயர்களை எர்த் செய்து தூரத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாக இழுத்தால் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பொறி இருந்தால் கதையே வேறாகிவிடும்.

குளிர் நாட்டுக்கே உரிய இன்னொரு வில்லன் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை கலந்தே இருக்கும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். குளிர் கூடக் கூட அது தாங்கும் தண்ணீரின் அளவும் குறையும். அதனால் கொட்டகைக்குள் ஓடிய வண்டி வெளியே போய் நிற்கும். மிதவைக் கிண்ணத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் உறைந்து, முழு வேகத்துக்குப் பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட்டின் வாயில் உட்கார்ந்தால் போதும். ஒரு தடவை கிண்ணத்தைக் கழற்றியபோது பட்டாணி அளவு ஐஸ்கட்டி ஒன்று உள்ளே உருண்டு விளையாடிக்கொண்டிருந்தது. சீசன் முடிந்ததும் கிண்ணத்தைக் காலி செய்து வைப்பதும், வேண்டுமானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வகை திரவத்தைச் சொல்லியிருக்கும் அளவுக்கு டாங்க்கில் சேர்ப்பதும்தான் இதற்கு மருந்து.

இங்கே ஒரு பழைய வருத்தம். ஸ்டார்ட் ஆகாத வண்டியைவிட ஆபத்தானது, பெட்ரோல் குறைவாகக் குடித்துக்கொண்டு அருமையாக ஓடும் வண்டி. எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது. கலவையில் காற்று கூடினால் சூடு ஏறும், உயவு குறையும், பிஸ்டன் உருகும். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் கழுத்தில் ஒரு வெடிப்பு இருந்தது எனக்குத் தெரியும். 'இந்த சீசன் ஓடட்டும்' என்றேன். அன்று காற்று கத்தி மாதிரி இருந்தது, −30க்குக் கீழே. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், என் மெயின் ஜெட்டோ மிதமான குளிருக்குப் போட்டது. உறைந்த ஏரியின் மேல் முழு வேகம். வண்டி என்றைக்கும் இல்லாத அளவுக்கு இனிமையாக ஓடியது, அப்புறம் ஒரு கீச்சொலி, டிராக் பூட்டிக்கொண்டு சறுக்கி நின்றது. இடது பிஸ்டனின் விளிம்பு மெழுகு மாதிரி வழிந்திருந்தது. ரப்பர் கழுத்தை மாதம் ஒரு தடவை விரலால் பிதுக்கிப் பாருங்கள். ஐட்லிங் தானாக ஏறி, இறங்க மறுத்தால் அங்கேயோ கிராங்க் தண்டின் சீலிலோ காற்று புகுகிறது, வண்டியை அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.

கரண்ட் பக்கத்துக்கு வருவோம்.

பிஸ்டன் மாற்றிய அடுத்த வருடம் வண்டிக்குப் புது வியாதி. இடது பக்கம் திரும்பினால் நின்றுவிடும். எல்லா இடத் திருப்பத்திலும் இல்லை, இறுக்கமாகத் திருப்பும்போது மட்டும். மச்சான் சிரித்தான். "வண்டிக்கு வலதுசாரிக் கொள்கை போலிருக்கு." நான் வழக்கம்போலப் பெட்ரோலைச் சந்தேகித்தேன், வளைவில் மிதவை சாய்ந்து கிண்ணம் காலியாகிறதோ என்று அழகான ஒரு கோட்பாடுகூடத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அது டக்கென்று நின்றது. இருமவில்லை, இழுக்கவில்லை.

இங்கேதான் இந்த வண்டிகளின் கரண்ட் அமைப்பு காருக்கு நேர்மாறு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். காரில் கரண்ட்டைத் துண்டித்தால் எஞ்சின் நிற்கும். பேட்டரி இல்லாத பழைய ஸ்னோமொபைலோ தன் ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட்டைத் தானே செய்துகொள்கிறது. ஃப்ளைவீலில் காந்தம், அதற்குள் காயில், அதாவது ஸ்டேட்டர். அதை நிறுத்த, பெரும்பாலான மாடல்களில், அந்தக் கரண்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிட வேண்டும். சாவியும், சிவப்பு நிற கில் சுவிட்ச்சும், ஓட்டுநர் விழுந்தால் பிடுங்கிக்கொள்ளும் கயிறு சுவிட்ச்சும் எல்லாமே செய்வது இதைத்தான். ஆகவே ஒரு வயர் அறுந்தால் வண்டி நிற்காது, அணைக்கத்தான் முடியாது. ஒரு வயர் தேய்ந்து உடம்பில் பட்டால்தான் நிற்கும். சில மாடல்களில் இது தலைகீழாக இருக்கும் என்பதால் உங்கள் வண்டியின் வயரிங் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்தேன். எஞ்சினுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரிலிருந்து வரும் கில் வயரில் ஒரு முனை, எஞ்சின் உடம்பில் ஒரு முனை. சுவிட்ச் எல்லாம் ஓடும் நிலையில். ஹேண்டில்பாரை நேராக வைத்தால் மீட்டர் அமைதி. மெதுவாக இடது பக்கம் திருப்பினேன். கடைசி இரண்டு விரல்கட்டை தூரத்தில் பீப் என்றது. திரும்ப நேராக்கினேன், அமைதி. டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்டீரிங் தண்டைத் தாங்கும் தகட்டின் விளிம்பில் வயர்க் கட்டு ஒன்று உரசி உரசி, கறுப்பு உறை ஓரிடத்தில் மொட்டையாகி, உள்ளே செம்பு புதுப் பொன் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. டேப், ஒரு துண்டு ரப்பர் டியூப், இரண்டு கேபிள் டை. பத்து நிமிட வேலை. அதற்கு முந்தைய மூன்று வாரத்தை எதில் சேர்ப்பது?

நடுவழியில் ஸ்பார்க் இல்லையென்றால் இந்தக் கனெக்டரைப் பிரிப்பதுதான் முதல் சோதனை. ஸ்பார்க் திரும்பி வந்தால் குற்றவாளி ஹேண்டில்பார் பக்கத்து சுவிட்ச்சோ வயரோ, ஸ்டேட்டரும் சிடிஐயும் நிரபராதி. ஆனால் அந்த நிலையில் சாவியாலும் கில் சுவிட்ச்சாலும் எஞ்சினை நிறுத்த முடியாது. சோக்கைத் தூக்கிப் பெட்ரோலில் மூழ்கடிக்க வேண்டியதுதான். சோதனைக்கு மட்டும் செய்யுங்கள், அப்படியே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வண்டி த்ராட்டில் உறைந்து ஓடினால் நிறுத்த உங்களிடம் ஒன்றும் இருக்காது.

த்ராட்டில் என்றதும் இன்னொன்று. சில வண்டிகளில் த்ராட்டில் லீவரிலேயே ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. விரலை எடுத்த பிறகும் கார்புரேட்டர் திறந்தே இருந்தால் அது ஸ்பார்க்கை வெட்டும் அல்லது சுற்றைக் கட்டுப்படுத்தும். கேபிள் தொய்ந்தாலோ, லீவரின் அடியில் ஐஸ் பிடித்தாலோ, ஓடவேண்டிய வண்டியையும் அது வெட்டும். தடுக்கித் தடுக்கி ஒரு வேகத்துக்கு மேல் ஏறவே மறுக்கும் வண்டிக்குக் கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் கேபிளின் தொய்வைப் பாருங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் ஓடவில்லையென்றால் நான் எதையும் வாங்குவதில்லை, இடம் மாற்றுகிறேன். முதலில் பிளக் இரண்டையும். நோய் பிளக்கோடு போனால் பிளக். போகவில்லையென்றால் பிளக் கேப்பை. பல கேப்கள் வயரில் திருகி ஏற்றப்பட்டவை. எதிர்த்திசையில் திருகிக் கழற்றி, வயரின் நுனி பச்சைப் பிடித்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகினாலே பாதி கேஸ் முடிந்துவிடும். கேப்புக்குள் ரெசிஸ்டர் இருக்கும், பெரும்பாலும் 5 கிலோ ஓம். மீட்டரில் முடிவே இல்லாத எண் வந்தால் தூக்கிப் போடுங்கள். ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கின் உடம்பு எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வயரைத் தொங்கவிட்டுக் கயிறு இழுத்தால் சிடிஐக்கே ஆபத்து. பிளக் எண்ணில் இருக்கும் 'ஆர்' என்ற எழுத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள், பிஆர்9இஎஸ் என்று கேட்டிருந்தால் ஆர் இல்லாததைப் போட வேண்டாம். அது ரெசிஸ்டரைக் குறிப்பது.

சிடிஐ வருவதற்கு முந்தைய இன்னும் பழைய வண்டிகளில் சிபி பாயிண்ட்டும் (திறந்து மூடி ஸ்பார்க்கை விடும் தொடுமுனை) கன்டன்சரும் இருக்கும். கோடையெல்லாம் சும்மா கிடந்த வண்டிக்கு ஸ்பார்க் இல்லையென்றால் பாயிண்ட்டின் முகத்தில் படிந்த படலத்தைத் தேய்த்து எடுத்தாலே போதும். ஃப்ளைவீலின் ஜன்னல் வழியே ஒரு துண்டு நைஸ் உப்புத்தாள், அப்புறம் வெறும் கெட்டிக் காகிதம் ஒரு இழு. இடைவெளி பல மாடல்களில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். நேர்மையான அமைப்பு, பழுதானாலும் கண்ணால் பார்க்க முடியும்.

கண்ணால் பார்க்க முடியாதது ஸ்டேட்டர் காயில். குளிரில் நன்றாக இருக்கும். எஞ்சின் சூடானதும் உள்ளே மெல்லிய கம்பி விரிந்து தொடர்பு விட்டுப்போகும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அளந்தால் மீட்டர் எல்லாம் சரி என்று பொய் சொல்லும். என்னுடையதை ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொண்டே அளந்துதான் பிடித்தேன், எண் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று காணாமல் போனது. எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறு, மேனுவலில்தான் பார்க்க வேண்டும். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றியவர்களின் கிராங்க் கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

மீட்டர் விஷயத்தில் நான் செய்த கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட் எரியவில்லை என்று வயரில் மீட்டரை வைத்தேன், பூஜ்யம். ஸ்டேட்டர் செத்துவிட்டது என்று மச்சானிடம் துக்கச் செய்தி சொன்னேன். "மாமாகிட்ட கேட்டியா?" என்றான். கேட்டேன். "மீட்டரை ஏசியில வச்சியா டிசியில வச்சியா மாப்ளே?" டிசியில் வைத்திருந்தேன். பேட்டரி இல்லாத வண்டியில் லைட்டுக்கு வருவது ஏசி. மீட்டரை மாற்றி வைத்ததும் 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. பல்ப்தான் போயிருந்தது. புதுப் பல்ப் போட்டேன், அதுவும் வேகமெடுத்ததும் போனது. அப்படித் தொடர்ந்து பல்ப் போனால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். சுற்று ஏறும்போது வோல்டேஜைப் பிடித்து வைப்பது அதன் வேலை. அதன் எர்த், பெயிண்ட்டோ துருவோ இல்லாத உலோகத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு அந்த போல்ட்டைச் சுரண்டி இறுக்கியதோடு சரியானது.

எலிகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஏர் பாக்ஸுக்குள் கூடு கட்டும், சீட்டுப் பஞ்சை இழுத்துக்கொண்டு வரும், வயரின் உறையைக் கடிக்கும். சீசனில் முதல் இழுப்புக்கு முன் ஏர் பாக்ஸையும் சைலன்சர் வாயையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் கயிற்றைத் தொடுவதில்லை.

இப்போது சீட்டுக்கு அடியில் இருப்பவை: பிளக் இரண்டு, பிளக் ஸ்பானர், ஒரு முழம் பெட்ரோல் டியூப், கிளாம்ப்புகள், கேபிள் டை, டேப், ஒரு டார்ச், சின்ன மீட்டர். அப்புறம் இழுக்கும் கயிறு, அன்று மச்சான் கையில் கொடுத்துவிட்டுப் போன அதே கயிறு. போன மாதம் அதை எடுத்தேன். மச்சானுடைய வண்டி காட்டுக்குள் நின்றுவிட்டது. "டக்குனு நின்னுச்சா, இழுத்துக்கிட்டு நின்னுச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "டக்குனுதான்" என்றான். கனெக்டரைத் தேடிக்கொண்டு பானெட்டைத் தூக்கியபோதுதான் கவனித்தேன், ஓட்டுநர் கயிறு அவன் கோட்டில் மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது, மறுமுனை சுவிட்ச்சில் இல்லை.